பழைய முழம்

வெர்னியர் வாயில் ஆரை எலும்பின் தலை:
இருபது புள்ளி மூன்று.
திருப்பிப் பிடித்தால் பத்தொன்பது.
வட்டமில்லை, சற்றே கோணல்.

நாற்பது உலர்ந்த முன்கைகள்.
துடுப்புப் போட்டதா, கணக்கெழுதியதா,
எலும்பு சொல்வதில்லை.

பெட்டியில் வந்த உலோகத் தலைகளில்
ஆகச் சிறியதே இருபத்திரண்டு.
எந்த ஊர்க் கைக்கு வார்த்தார்களோ.

சின்னப்பாலம் முத்துராக்கு
பாசி எடுக்கப்போய்ப் பாரில் வழுக்கி
வலக்கையை ஊன்றிவிட்டாள்.
உடையாத இடக்கையின் ஸ்கேனில்
பத்தொன்பதரை.
"பெரிசை வைத்தால் மடங்காதும்மா" என்றேன்.
"மடங்குறது கெடக்கட்டும்.
பாசிக்கயிறு முழம் போடணும்,
பழைய முழம் வருமா?"

என் கையை அவள் இடக்கையோடு ஒட்டிவைத்தேன்.
இரண்டு விரற்கடை எனக்கு நீளம்.
சிரித்துவிட்டாள்:
"கயித்துக்கடை அண்ணாச்சிக்கு இதைவிடக் குட்டை சார்."

நோட்டில் நாற்பத்தொன்று.
பெயருக்குக் கட்டம் இல்லை;
ஓரத்தில் எழுதினேன்.