தொண்ணூற்று மூன்று

ஜுபைலில் ஆகஸ்டு மாதம்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் எதையும் படிக்க முடியும்.
டயாலிசிஸ் மையத்தின் தரைத்தளத்தில்
மூன்று துளைகள் போட்டு, தூசியை உறிஞ்சி,
குழாய் செருகி மூடி வைத்திருந்தேன்.
எழுபத்திரண்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்று
தமிழில், உருதுவில், அரபியில் எழுதிய அட்டை.
அட்டைமேல் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்.

ஞாயிறு காலை மானி காட்டியது
தொண்ணூற்று மூன்று.
எழுபத்தைந்தைத் தாண்டினால் வினைல் ஒட்டாதே என்று
பசை டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது.
கடல் நானூறு மீட்டரில்.
அடியில் விரித்த பாலிதீனைக்
கம்பி கட்டியவர்கள் எங்கெங்கே கிழித்தார்களோ,
இனி யார் தோண்டிப் பார்ப்பது.

அந்த எண் எப்படி வெளியே போனது தெரியவில்லை.
மதியத்துக்குள் ஐந்து அழைப்பு.
ஒருவருடையது ஊடுருவிப் படிகமாகும் திரவம்.
இன்னொருவர் இருபது வருட உத்தரவாதம்;
அவர் கம்பெனிக்கு வயது மூன்று.
ஒரு பெண்குரல், எதையும் விற்கவில்லை சார்,
உங்கள் தரையைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்றது.

போன் செய்யாமல் நேரில் வந்தவன் ரெக்ஸன், திங்களன்று.
விலைக்கு முன்னால் ஊரைக் கேட்டான்.
வள்ளியூர் என்றதும்
"அட, நம்ம பக்கம்! நான் தூத்துக்குடி அண்ணாச்சி."
கை என் தோளுக்கு வந்துவிட்டது.
அதை இறக்க வியாழன் ஆயிற்று.

ஒரு கான்கிரீட் கட்டி கொண்டுவந்திருந்தான்,
பாதி பூசியது, பாதி பூசாதது.
பாட்டிலைத் திறந்து ஊற்றினான்.
பூசாத பாதி குடித்தது.
பூசிய பாதியில் முத்து முத்தாய் நின்றது தண்ணீர்.
சுற்றி நின்ற பையன்கள் கைகூடத் தட்டினார்கள்.
"வியாழனுக்குள்ள ஆர்டர்னா முப்பது பர்சென்ட் கழிவு.
ஞாயித்துக்கெழம விலை ஏறுது.
கன்டெய்னர்ல கடைசிப் பதினெட்டு டிரம்.
ஹைதம் சார் ஓகேன்னுட்டாரு,
உங்க கையெழுத்து மட்டுந்தான்."

ஹைதமிடம் கேட்டேன்.
நீ ஓகே சொன்னதாக அல்லவா சொன்னான் என்றார்.

சோதனை அறிக்கை கேட்டேன், வழுவழுத்தாளில் விளம்பரம் தந்தான்.
ஆவி எவ்வளவு கடக்கும் என்றேன்,
பேரீச்சம்பழப் பெட்டி தந்தான்.
பழம் நல்ல பழம். பையன்கள் தின்றார்கள்.
நான் கொட்டைகளை எண்ணி ரசீது எழுதினேன்.

"தம்பி, இங்க தண்ணி மேலேருந்து வரல."
கட்டியைத் தட்டில் வைத்தேன், பூசிய முகம் மேலே.
அஸ்திவாரக் குழியில் ஊறிய நீரை
விரற்கடை உயரம் ஊற்றினேன்.
"இது ரூல்ல இல்லையே அண்ணாச்சி."
"தரையும் ரூல் படிச்சிட்டு வரல."

செவ்வாய், கம்பெனி மேலாளரைப் போனில் பிடித்துக் கொடுத்தான்.
புதன், என் மகளின் நீட் மதிப்பெண் விசாரித்தான்.
போகிற போக்கில் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தான்.

வியாழன் காலை
பூச்சு அம்மைக் கொப்புளமாய் எழும்பியிருந்தது.
ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே வெள்ளை.
ரெக்ஸன் குனிந்து விரலால் தொட்டு
நாக்கில் வைத்தான்.
அவன் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலையாம்.
"உப்பு" என்றான்.
நாலு நாளில் அவன் சொன்னதில்
சான்று கேட்காமல் நான் நம்பியது அது ஒன்று.

இந்த மாசமும் போச்சு என்று சுவரிடம் சொன்னான்.
இக்காமா எப்போது முடிகிறது என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் கையெழுத்து ஈரமாகிவிடும்.

படிவத்தில் எழுதினேன்: தொண்ணூற்று மூன்று.
பரிந்துரை: தகுந்த எப்பாக்சி, சோதனைச் சான்றுடன்;
இல்லையேல் காத்திருப்பு.
ஹைதம் படித்துவிட்டு
கடைசிச் சொல்லை மட்டும் அடித்தார்.

கட்டியை அவன் எடுத்துப் போகவில்லை.
சைட் ஆபீஸ் கதவு சாத்தாமலிருக்க
முட்டுக் கொடுத்திருக்கிறேன். இரவில் அதற்கு வியர்க்கிறது.

ஞாயிறு ரெக்ஸன் கூப்பிட்டான்.
விலை ஏறவில்லையாம்.
"உன் கட்டி இங்க கிடக்கு, வேணுமா?"
"வச்சுக்கோங்க அண்ணாச்சி,
வண்டியில இன்னும் ஆறு இருக்கு."