எழுபத்துமூன்று கதிரைகள்

சார்ஜா, பத்தாம் இன்டஸ்ரியல் ஏரியா.
மரத்தூளும் பசையும் ஓகஸ்ட் வெக்கையும் நிறைந்த பட்டறைக்கு
ஒரு பாராளுமன்றம் ஓடராக வந்தது.

உறுப்பினருக்கு எழுபத்திரண்டு.
சபாநாயகருக்கு ஒன்று, நாலு அங்குலம் உயரம் கூட.
இரண்டு பக்கத்துக்கும் ஒரே பச்சைத் துணி.
முற்பணத்தை மூன்று நாட்டு நோட்டுகளில் எண்ணி வைத்தார் வார்சமே.
தன் நாட்டு நோட்டை அவர் வெளியில் எடுக்கவே இல்லை,
இங்கே எந்தக் கடையும் அதை மாற்றாது.

"பாரமாய் இருக்கவேணும், தூக்கி எறிய ஏலாதபடி.
அந்த அளவுக்கு எங்களிடம் சனநாயகம் உண்டு."
அவர் அரபியில் சொன்னதைக் குரியாக்கோஸ்
சிரிக்காமல் மலையாளமாக்கினார்.

நான் கதிரை என்பேன்.
ஆம்பூர்ச் செங்குட்டுவன் நாற்காலி என்பான்.
பில்லில் இரண்டும் இல்லை,
'சீற்றிங் யூனிற்'.

கப்பல் பேப்பர் அடிக்கிற மாரிசெல்
போய்ச் சேரும் நாட்டைத் தேடினாள்.
பட்டியல் ஓடியது, ஓடியது,
ஆள் இல்லாத தீவுகள்கூட வந்தன.
எவரிடமிருந்து பிரிந்தார்களோ அவர்கள் பெயர் இருந்தது.
"இதை அழுத்தட்டுமா?"
வார்சமே எழுந்துபோய் வாசலில் நின்றார்.
சிகரெட்டும் பத்தவில்லை. சும்மா நின்றார்.

எனக்கும் தெரியும் அப்படியொரு நாடு.
சைக்கிளுக்கு லைற் இல்லையென்று
பரந்தன் சந்தியில் ஐம்பது ரூபா தண்டம் எழுதினார்கள்,
முத்திரை குத்தி, மரியாதையாக.
பொலிஸ் இருந்தது. நீதிமன்றம் இருந்தது.
வட்டி தரும் வங்கி இருந்தது.
கொழும்பின் கடிகாரத்தை ஏற்காமல்
அரை மணி பிந்தி எழும்பினோம்.
கதிரை எறிய ஒரு மண்டபம்தான் இருக்கவில்லை.
பற்றுச்சீட்டை, ஒன்பதாம் ஆண்டு வைகாசியில்,
பாலத்தைக் கடக்க முன்
மென்று விழுங்கினேன்.
மசி கசந்தது.

ஸ்பிரிங் போட்டதும் இருந்து பார்ப்பது என் வேலை.
அதனால் எழுபத்திரண்டு தரம் உறுப்பினரானேன்.
பதினாறாவதில் பருப்பு விலையைக் கேட்டேன்.
முப்பதாவதில் நித்திரை கொண்டேன், அதுவும் மரபுதானே.
நாற்பத்தொன்றில் பச்சை நூல் முடிந்துபோக
அடிப்பக்கம் ஒரு சாண் கறுப்பால் தைத்தேன்.
அதில் இருந்துகொண்டுதான், வாய்க்குள்,
'எதிர்க்கிறேன்' என்றேன்.
எதை என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பயந்திருப்பேன்.

சபாநாயகர் கதிரையில் நான் இருக்கவில்லை.
செங்குட்டுவனை ஏற்றினேன்.
"அமைதி, அமைதி" என்று அவன்
சுத்தியலால் பலகையில் அடித்த சத்தத்துக்குக் குரியாக்கோஸ் வந்து
இரண்டு பேருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டினார்.

கொள்கலன் கொம்பனிகள் கைவிரித்த பிறகு
கிறீக்கில் கட்டிக்கிடந்த மரக்கலம் ஏற்றிக்கொண்டது.
சலாயாக்கார நாகுதா நாட்டின் பெயரைக் கேட்கவில்லை.
துறையில் எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டான்.
ஆழம் இருந்தது.
அவனுக்கு அது போதும்.
வெங்காய மூட்டைகளுக்கும் பழைய குளிர்பெட்டிகளுக்கும் நடுவே
கால்களை மேலே நீட்டியபடி
அவை புறப்பட்டுப் போயின.

மார்கழியில் குரியாக்கோஸின் போனுக்கு ஒரு படம் வந்தது.
பச்சை வரிசைகள்.
மேசைமேல் ஏறி நின்ற ஒருவர்.
பறக்கும் காகிதங்கள்.
நடுவில், தலைக்கு மேலே,
கழுத்து நரம்பு புடைக்க ஒருவர் தூக்கிய கதிரை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
அடியில் ஒரு சாண் கறுப்பு.

முப்பத்தொரு கிலோ.
இன்னும் அஞ்சு கிலோ கூட்டியிருக்கலாம்,
அடுத்த ஓடர் வராது என்று
குரியாக்கோஸ் கவலைப்பட்டார்.

படத்தை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.