விரலகல வெள்ளை

வலப்பக்கம் அரபி. இடப்பக்கம் இங்கிலீஷ்.
நடுவில் விரலகலத்துக்கு ஒரு வெள்ளை
மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது.
பஹாஹீல் மீன்சந்தைக்குப் பின்தெருவில்
பதினோரு வருஷமாக நான் டைப் அடிக்கும் ஒப்பந்தங்களில்
தமிழுக்கு விட்டிருக்கிற இடம் அதுதான்.

இன்று ஆறுமுகநயினார். வெல்டர்.
முன்கை முழுக்கப் பொறி தெறித்த புள்ளிகள்.
கம்பெனியின் மந்தூப் ஷம்சீர்
கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே
"ஒண்ணுமில்லா சேட்டா, ஒப்பிடு" என்றான்.
மலையாளத்தில் அது, கையெழுத்துப் போடு.
நயினாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.
சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த
சென்னை ஏஜென்ட் தாளை எடுத்தார்,
பக்கத்தில் வைத்தார்,
ஒப்பிட்டார்.

எழுத்து புரியாது. எண் புரியும்.
அதில் நூற்றிருபது தினார்.
இதில் தொண்ணூறு.

"இது என்னம்மா?"

டைப்புக்கு அரைத் தினார்.
படித்துச் சொல்ல
சுவரில் ஒட்டிய விலைப்பட்டியலில் வரி இல்லை.
மாசம் நாற்பது தாள் ஷம்சீர் கொண்டுவருகிறான்,
என் வாடகையில் பாதி அவன்.
இருந்தாலும் படித்தேன்.

"அவங்க நீட்டுறாங்க. நீங்க வாங்கிக்கிட்டாத்தான் கட்டு."
காகிதத்தில் அதன் பெயர் ஈஜாப், கபூல்.
"ரெண்டு பேர் மனசும் ஒரே பொருள் மேல உக்காரணும்.
ஒருத்தர் மாட்டை நெனச்சு, ஒருத்தர் கயித்தை நெனச்சா
அது வியாபாரம் இல்ல."

"நூத்திருபதுன்னு திருத்திட்டா?"

"அப்ப நீட்டுறது நீங்க.
அந்த நிமிஷமே தொண்ணூறு செத்துப்போகும்.
அவங்க மாட்டேன்னா,
சரி பழசையே குடுங்கன்னு கேக்க முடியாது."

கொஞ்சம் யோசித்தார்.
"ஒண்ணும் சொல்லாம இருந்தா?"

"சும்மா இருக்கிறது சம்மதம் ஆகாது."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அதிராம்பட்டினம். எனக்குப் பத்தொன்பது.
கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவும் இரண்டு சாட்சிகளும்
மூன்று தரம் கேட்டார்கள்.
நான் முந்தானை ஜரிகையில் இழை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வெட்கப்படுகிறாள், சம்மதம்தான் என்று
தஃப்தரில் எழுதப் போய்விட்டார்கள்.
கெட்ட மனிதரில்லை அவர்.
மஹர்கூட எண்ணி வைத்தார்.
ஆனாலும் அந்தப் பக்கத்தில்
என் வரிசையில் ஒரு வெள்ளை.

நயினார் பேனா கேட்டார்.
அரபியைத் தொடவில்லை, இங்கிலீஷையும் தொடவில்லை.
நடுவெள்ளையில், தாளைப் பக்கவாட்டில் திருப்பி,
ஐந்தாம் வகுப்பு எழுத்தில்
மெல்ல எழுதினார்:
நூத்திருபதுன்னா சம்மதம்.

ஷம்சீரின் சாவி நின்றது.
தாளைப் படமெடுத்தான், வெளியே போனான்.
கண்ணாடிக்கு அப்பால் வெயிலில்
அவன் வாய் மட்டும் அசைந்தது.
ஏ.சி. தண்ணீர் வாளியில் சொட்டியது.

கால் மணி. அரை மணி.
இப்போதைக்கு ஒப்பந்தம் இல்லை.
இப்போதைக்கு யாரும் யாருக்கும் கட்டுப்படவில்லை.
அந்த பிளாஸ்டிக் நாற்காலியில்
இவ்வளவு நிமிர்ந்து ஒருவர் உட்கார்ந்து
நான் பார்த்ததில்லை.

"படிச்சுச் சொன்னதுக்கு என்ன தரணும்?"
"ஒண்ணும் வேண்டாம்."
பதிலுக்கு எதுவும் வாங்காத வாக்கு
கோர்ட்டில் ஏறாது என்று
பாதியில் விட்ட தபால்வழிச் சட்டப் படிப்பில்
ஒரு பாடம் இருந்தது. மதுரைப் பாடம்.
இந்த ஊர்ச் சட்டம் வேறு.

அவர் பைக்குள் துழாவி
ஓர் ஆரஞ்சை எடுத்து
கீபோர்டு மேல் வைத்தார்.
எஃப் வரிசை முழுக்க அழுந்தி
திரையில் என்னென்னவோ ஓடியது.

நான் வாய் திறக்கவில்லை.
தோலை உரித்தேன்.
பாதியை அவர் பக்கம் தள்ளும்போது
கதவுக் கைப்பிடி
கீழே இறங்கியது.