பொய்ப்பெயர்க் குழாய்

இரவு இரண்டு மணி.
கத்ர் போர்ன் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில்
சுழல்பொறி விழித்திருக்கிறது, நானும்.
சுற்றி நின்றதும் குழாய்களில்
சிவப்பு கீழே போய்விடும்.
மேலே நிற்பது வைக்கோல் நிறத் தெளிவு.
சிலருடையது பாலாய்க் கலங்கியிருக்கும்;
பார்த்தே சொல்லிவிடலாம்,
எண் எதற்கு.

எனக்குப் பயம் தெளிந்தவற்றிடம்தான்.

அப்பாவுடையது தெளிந்திருந்தது.
ரோஸ் ஹில், போர்ட் லூயி பேருந்தின் ஓட்டுநர்.
ஒல்லி. குடிக்கமாட்டார்.
காவடிக்குப் பத்து நாள் விரதம் தவறியதில்லை.
ஆண்டுப் பரிசோதனைச் சீட்டில்
கொலஸ்ட்ராலுக்கு நேரே ‘சரி’ என்று
பச்சை மையில் ஒரு டாக்டரின் கீறல்.
அதற்குப் பதினோரு மாதம் கழித்து
பெல் வில்லாஜ் வளைவில் வண்டியை ஓரங்கட்டி,
கைப்பிரேக் போட்டு,
ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார்.
முப்பத்தொன்பது வயது.
பின்னால் இருந்த ஒருத்தி, அசதி போலும் என்று
கொஞ்ச நேரம் காத்திருந்தாளாம்.

அம்மா காரணம் தேடவில்லை.
அவளிடமே இருந்தது:
ஞாயிறுதோறும் பொரித்த,
காத்தோ பிமா என்று இங்கே பெயர் மாறிய பருப்பு வடை,
வேலைக்குக் கட்டிக்கொடுத்த தால் பூரி,
இரண்டாம் தடவை காய்ந்த எண்ணெய்.
இரும்புச் சட்டியைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி
அலமாரி உச்சியில் ஏற்றினாள்.
பத்தொன்பது வருடமாய் எங்கள் வீட்டில் எதுவும் பொரிந்ததில்லை.
யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை.
இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஒரு பெட்டி வினைபொருள் மிச்சம்,
நாளையோடு காலாவதி.
லிப்போபுரதம் ஏ. சின்ன ஏ.
கொலஸ்ட்ரால் சுமக்கும் ஒரு துகள்,
வால் மாதிரி ஒரு புரதத்தைச் சுற்றிக்கொண்டு
வழக்கமான பட்டியலில் சிக்காமல் நழுவுவது.
என் இடது கையில் நானே குத்தினேன்.
குழாயில் ஒரு பொய்ப்பெயர் ஒட்டினேன்:
மரகதம் வைத்தெலிங்கம், பெண், முப்பத்தொன்று.

எல்.டி.எல். இரண்டு புள்ளி ஆறு.
எந்த டாக்டரும் கைகுலுக்குவார்.
மற்றது நூற்றுப் பதினெட்டு.
ஐம்பதைத் தாண்டினாலே
கட்டம் சிவக்கும்.
பொறியைச் சந்தேகித்து மறுபடி ஓட்டினேன்.
நூற்றுப் பதினேழு.

மரகதத்துக்காக ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன்.

கப்பல் இறங்கிய நாளில்
அருணாசலம் என்றது எழுத்தனின் காதில்
ஆர்னாசெல்லோம் என்று விழுந்தது.
ஐந்து தலைமுறை. திருத்தம் இல்லை.
என் அடையாள அட்டையிலும் அதே பிழை.
அவன் எழுதாமல் விட்ட இன்னொரு பிழையும்
அன்றைக்கே அந்தத் துறையில் இறங்கியிருக்கலாம்.
சோற்றால் ஏறாது அது, விரதத்தால் இறங்காது.
காவடி தூக்கினாலும் கூடவே நடந்து வரும்.

அப்படியானால் சட்டி நிரபராதி.
அவசரப்படாதே, என்கிறது படித்த படிப்பு.
அப்பாவின் ரத்தம் எங்கும் மிச்சமில்லை.
என்னிடம் இருப்பது அவர் கொடுத்ததா,
அம்மா கொடுத்ததா?
விடுதலைத் தீர்ப்பு எழுத
அவள் கையிலும் ஊசி குத்த வேண்டும்.
தம்பி கேசவேன் கையிலும்;
இருபத்தேழு வயது,
ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பந்து விளையாடுகிறவன்.
சாப்பிட்டுவிட்டே வரலாம்,
இதற்கு விரதம் தேவையில்லை என்றால்
நிச்சயம் வருவான்.

இப்படி ஒரு எண் வந்தால்
நோயாளிக்குத் தகவல் சொல்லவேண்டும் என்பது விதி.
மரகதத்திடம் போன் இல்லை.

விடிந்ததும் பேருந்து நிறுத்தத்திலிருந்து
வீட்டுக்கு அழைத்தேன்.
சட்டி இல்லைம்மா, என்றேன்,
பாதிதான் தெரியும் என்பதை விழுங்கிக்கொண்டு.
அந்தப் பக்கம்
குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு கேட்டாள்:
உனக்கு எவ்வளவு?

பஸ் வந்துவிட்டது, என்றேன்.
வரவில்லை.