தன்மை ஒருமை

முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதியவன் நான்தான்.
நிர்வாகசபையில் எனக்குத்தான் நல்ல டொச் வரும்.
காரணம் எழுத ஒரு சொல் தேடி
இரண்டு இரவு அகராதி புரட்டினேன்.
எங்களிடம் இருக்கிற காரணத்துக்கு
அந்த மொழியில் சொல் இல்லை.
இரைச்சல் என்று எழுதினேன்.

ஓல்டனில், ஆரே ஆற்றுக்கு அப்பால்,
ரயர் கடைக்கும் பெயின்ற் கிடங்குக்கும் நடுவே
வாடகைக்கு இருக்கிறாள் எங்கள் அம்மன்.
வெள்ளி மாலைகளில்
வெளியே, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில்
மார்க்கண்டு வந்து நிற்பார்.
இரவில் றெயில் பெட்டி கழுவுகிற வேலை,
செம்மஞ்சள் மேலங்கியோடே வருவார்.
உள்ளே வராதே என்று ஒருவரும் சொன்னதில்லை.
வாங்கோ என்றும்.

முதல்நாள் நான்தான் கேட்டேன், எந்த ஊர் என்று.
சொன்னார்.
ஊரில எந்தப் பக்கம்?
கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?
அவர் மூடுபனியைப் பார்த்தார்.
நவம்பரில் இங்கே எதிர்ச்சுவரே தெரியாது.
"இதுக்குள்ள கிழக்கு எது, தம்பி?"
அது போதுமாயிருந்தது.
அன்றிரவே நாலு வீட்டுக்கு ரெலிபோன் போட்டேன்.

அவர் பேசியது பெரிய பேச்சில்லை.
"போன கிழமை ஏழாம் பெட்டியில
ஒரு பல்செற் கிடந்தது. ஆற்றை வாயின்டையோ.
கழுவித்தான் குடுத்தன்.
ஒற்றைக் கையுறை, குழந்தையின்ரை சப்பாத்து,
ஒருக்கா ஆரோ மறந்துவிட்ட அஸ்திச் செம்பு.
ஆற்றை எண்டு விசாரிச்சுத் தொடுறதெண்டால்
விடியமுதல் ஒரு பெட்டி முடியாது.
இரங்குங்கோ.
எனக்கில்லை.
ஆரை விரும்பிறம் எண்டு உங்களிட்டைச் சொல்ல
உங்கட பிள்ளையள் பயந்து சாகுதுகள்,
அதுகளுக்கு."

தலைவர் நாதஸ்வரத்தைக் கூட்டி வைத்தார்.
பிறகு என்னைக் கூப்பிட்டார்.

நகரசபையிலிருந்து திருமதி விஸ் வந்தாள்,
கையில் சத்தம் அளக்கும் கருவியோடு.
எங்கள் ஒலிபெருக்கியைக் கேட்டதும் எண்கள் பாய்ந்து ஏறின.
மார்க்கண்டுக்கு முன்னால் பிடித்தாள்.
கிடங்கின் காற்றாடி அவரைவிட உரக்கப் பேசியது.
என்னதான் சொல்கிறார், மொழிபெயருங்கள் என்றாள்.

அது என் தொழில்.
அகதி விசாரணைகளில் பதினொரு வருடம்.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது அங்கே;
வந்தவர் நான் என்றால் நானும் நான்.
கணவனைத் தேடுகிற பெண்ணாக இருந்திருக்கிறேன்,
காலில்லாத பெடியனாக,
மணிக்கு இத்தனை பிராங் என்று.
ஐந்து மணிக்கு என்னைத் திரும்ப உடுத்திக்கொண்டு
வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன்.

மார்க்கண்டு எனக்கு வசதியாக
வசனம் வசனமாக நிறுத்தித்தான் பேசினார்.

நான் கோயிலுக்கு மேற்கே பிறந்தேன், என்றேன் டொச்சில்.
எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.
என் அம்மா தேர் பார்த்தது
பனைகளுக்குப் பின்னால் நின்று.
எனக்குக் கோபம் இருந்தது,
அதை ஏதோ ஒரு பெட்டியில் விட்டுவிட்டேன்,
இதுவரை ஒருவரும் கொண்டுவந்து தரவில்லை.

தொண்டை காய்ந்தது. திருமதி விஸ் காத்திருந்தாள்.

கிழக்கா மேற்கா என்று என்னைக் கேட்டவருக்கு
அன்று கை நடுங்கிக்கொண்டிருந்தது.
குளிராக இருக்கும் என்று நினைத்தேன்.
குளிரில்லை.
பாவமாயிருந்தது எனக்கு.

அவள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.
"கேட்டது யார்?"

மார்க்கண்டு வாய் திறக்கவில்லை.
மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"நான்" என்றேன்.

எந்த நான் என்று தெரியாமல்
பேனாவைப் பிடித்தபடி அவள் நின்றாள்.
உள்ளே மணி அடித்தது.