பதினேழாம் தேதி விடுப்பு

பீச் ஸ்ட்ரீட்டில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுது.
எனக்கு முன்னால் ஏறிய குணாளன்
படித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினான்.
நான்கு படி கீழே நானும் நின்றுகொண்டேன்,
ஒட்டாமல், கடக்காமல்.

மிஸ் ஊய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
பதினேழாம் தேதி நீதிபதி முன் நின்றால்
நாளுக்கு இவ்வளவு, சாட்சிக்கு இவ்வளவு.
எழுதிக் காட்டிய தொகை
எங்கள் கூடத்துக்கு டைல்ஸ் போடுவதா வேண்டாமா என்று
ஐந்து வருடம் சண்டை போட்ட தொகை.
இருவருமே வேண்டாம் என்றோம்.

பாயா தெருபோங் வீடு, பதினான்காவது மாடி: எனக்கு.
அதன் வங்கிக் கடன், இன்னும் பத்தொன்பது வருடம்:
அதுவும் எனக்கு.
அவன் சேமநிதியை நான் தொடக் கூடாது.
மைவி அவனுக்கு.
லாவண்யாவுக்கு மாதம் நானூற்றைம்பது என்றான்.
எண்ணூறு என்றேன்.
இரவுச் சந்தையில் கெம்போங் மீனுக்குப் பேசுவது போலப் பேசி
அறுநூறு வெள்ளியில் நின்றது, பள்ளி வேன் தனி.
ஐந்தாம் தேதிக்குள், என்று மிஸ் ஊய் எழுதப் போனார்.
ஏழாம் தேதிதான் அவனுக்குச் சம்பளம்.
பதினோரு வருடம் ஏழாம் தேதிவரை
முட்டைகளை எண்ணி வைத்தவள் நான்.
எட்டு என்று போடச் சொன்னேன்.

பிறகு பாரம்.
உள்ளதை எல்லாம் ஒளிக்காமல் எழுத வேண்டிய பாரம்.

என் பக்கத்தில்
கூட்டுறவுக் கணக்கு, ஆறாயிரத்து இருநூற்று நாற்பது.
அவனுக்குத் தெரியாத கணக்கு.
மூன்றாம் வருடம் தொடங்கினேன்,
போவதற்காக அல்ல,
இருப்பதற்குத் தெம்பாக.
இரண்டு முறை வாசித்தான்.
பேனா மூடியைக் கடித்தான்.

அவன் பக்கத்தில் கடைசி வரி:
அடகுச் சீட்டு, ஒன்று.
சங்கிலி, மூன்று பவுன்.

என் சங்கிலி.
லாரிக்கு கியர்பாக்ஸ் போன வருடம் கழற்றிக் கொடுத்தது.
ஏலத்தில் போய்விட்டது என்றான் அப்போது.
மூன்று நாள் நான் அடுப்பு மூட்டவில்லை.

போகவில்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிப் புதுப்பித்து,
நான்கு வருடமாய்ப் பர்சுக்குள்
மகளின் பள்ளிப் படத்துக்குப் பின்னால்
நாலாய் மடித்து வைத்திருக்கிறான்.

"ஏன் பொய் சொன்னே?"
"எப்ப மீட்பேன்னு தினம் கேட்டிருப்பே."
கேட்டிருப்பேன்தான்.

மிஸ் ஊய்க்குத் தமிழ் தெரியாது.
எழுந்து போய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்து
இந்தப் பொருள் யாருக்கு என்றார்.
சீட்டு எனக்கு, நிலுவை வட்டி அவனுக்கு:
கையால் எழுதிச் சேர்த்த ஒரே வரி அதுதான்.
ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம்.

இனி வக்கீல்களே நீதிமன்றம் போய்ச்
சம்மத உத்தரவைப் பதிந்துகொள்வார்களாம்.
கீழே இறங்கியதும்
"கார்ல விட்டுடவா?" என்றான்.
பஸ் வரும் என்றேன்.
வந்தது, நாற்பது நிமிடம் கழித்து.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினேழாம் தேதிக்கு வாங்கிய விடுப்பை
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
அடகுக்கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும்.
அதுவரை தூங்கலாம்.