அரைப்பேர்

தராசு முள் பதினெட்டில் நின்றது.
மலையிலிருந்து இறங்கும்போதே
என் தோளும் பதினெட்டு என்றுதான் சொல்லியிருந்தது.
பதினெட்டு எடுத்தால் முழுப்பேர்.
தண்ணிக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என்று
வாய்க்குள் முனகிக்கொண்டு
கணக்கப்பிள்ளை பதினாறு எழுதினார்.
யோகமலர், அரைப்பேர்.

ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலை மண்டபத்தில்
கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர்
வெற்றியைப் பற்றி இரண்டரை மணிநேரம் பேசினார்.
பணிஸும் தேத்தண்ணியும் உண்டென்று கேட்டுத்தான் போனேன்.
ஆளுக்கொரு கொப்பி, அட்டையில் கழுகு.
"உங்க கனவ எழுதுங்க" என்றார்.
பக்கத்தில் ஜெசிந்தா 'கனடா' என்று எழுதினாள்.
நான் எழுதினேன்: சாதாரண தரம், கணிதம்.
எழுதிவிட்டுக் கையால் மறைத்துக்கொண்டேன்.
இரண்டு தடவை தவறிய பாடம்.
இரண்டாந் தடவைக்கும் இன்றைக்கும் நடுவில்
பதினாறு வருடம், ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளை.

தினமும் கண்ணாடி முன்னால் நின்று
'என்னால் முடியும்' என்று சொல்லச் சொன்னார்.
எங்கள் காம்பராக் கண்ணாடி உள்ளங்கை அகலம்.
வாய் தெரிந்தால் கண் தெரியாது.
எந்தத் துண்டுக்குச் சொல்வது?
விட்டுவிட்டேன்.

மூன்றரைக்கு எழும்பினேன்.
லைட்டைப் போட்டால் சுவருக்கு மேலால்
அடுத்த காம்பராவுக்கும் விடிந்துவிடும்.
போனை அரிசி டின்னில் சாய்த்து
அந்த வெளிச்சத்தில் மகனின் புத்தகத்தைத் திறந்தேன்.
முதல் வாரம் கொட்டாவிதான் படித்தது.
பிறகு ஒரு விடியலில் இந்தக் கணக்கு:
வியாபாரி ஒருவர் நூற்றுக்கு எட்டு கழிவு கொடுத்தால்...

கழிவு.
பேனா அப்படியே நின்றது.
இது கொழுந்து மடுவத்து வார்த்தை அல்லவா?
பதினெட்டில் இரண்டு கழிந்தால் நூற்றுக்கு எத்தனை?
வகுத்தேன்.
பதினொன்று. தசம் ஒன்று. ஒன்று. ஒன்று.
ஒன்று முடியவே இல்லை,
கொப்பியின் ஓரம்தான் முடிந்தது.

'எனக்குக் கணக்கு வராது.'
இந்த ஒரு வரியைப் பதினாறு வருடமாய்
மழைக்குப் போடும் றப்பர் சீட்டைப் போல
வெயிலிலும் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.
கடைக் கொப்பியில் முதலாளி கூட்டிப் போட்ட
முப்பது ரூபாயைக் கண்டுபிடித்தவள் யார்?
சீட்டுக் காசில் யார் எத்தனை மாதம் பாக்கியென்று
கொழுந்து கிள்ளிக்கொண்டே சொல்கிறவள் யார்?
கணக்கு வந்துகொண்டுதான் இருந்தது.
நான்தான் அதற்கு வேறு பேர் வைத்திருந்தேன்.

உடனே எல்லாம் வெளுத்துவிடவில்லை.
வட்டத்துக்குள் வரைந்த கோணங்கள்
என்னைச் சுற்றிச் சுற்றி அடித்தன.
மகளுக்குக் காய்ச்சல் கண்ட பத்து நாள்
புத்தகம் மூடியே கிடந்தது.
கழுகுக் கொப்பியில் அதற்குப் பிறகு கனவு எழுதவில்லை.
பிழைத்ததை எழுதினேன்:
எந்தக் கணக்கு, எந்த வரியில்.
பிழை எழுதிய பக்கங்களில்தான்
பிழைத்துக்கொண்டேன்.

பரீட்சை மண்டப வாசலில்
"அம்மாமார் கேட்டுக்கு வெளியில நில்லுங்க" என்றார் ஒருவர்.
அனுமதி அட்டையை நீட்டினேன்.
வெள்ளைச் சட்டைகளின் நடுவே ஒரு நீலச் சேலை.
அன்றைக்குத் தோட்டத்தில் எனக்குப் பேர் இல்லை.
அட்டையில் இருந்தது,
முதலெழுத்தாகக்கூடச் சுருக்காமல்:
மாரிமுத்து யோகமலர்.

முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று மடுவத்தில் முள் மறுபடி பதினெட்டில் நின்றது.
நாலு நாளாய் நல்ல வெயில்.
"தண்ணி எங்கேருந்து வந்துச்சு, ஐயா?"
கேட்டது யாரென்று நானே திரும்பிப் பார்த்தேன்.
வரிசை அமைதியானது.
கடைசியில் ஜெசிந்தா இருமினாள், அல்லது சிரித்தாள்.
பேனா புத்தகத்தின் மேல் கொஞ்சநேரம் தட்டியது.
பதினேழு என்று எழுதினார்.

அரைப்பேர்தான்.
நாளைக்கு
வெறுஞ்சாக்கைத் தராசில் தொங்கவிடச் சொல்வேன்.